போலீசும் கோர்ட்டும் பாமர மக்களும்

(ஒரகடத்தில் தொழிலாளர்களும் சுற்றுப்புறக் கிராமத்தாரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கிரிமினல் சட்டத்தைப் பற்றியும் கோர்ட்டு நடவடிக்கைகளைப் பற்றியும் பாமர மக்களுக்கு விளங்கும்படி பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் வக்கீல் அல்ல. அதனாலேயே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டென்று நினைக்கிறேன். ஏனென்றால் வக்கீலுக்கு வேண்டிய சட்டம் அலமாரி அலமாரியாய் இருக்கிறது. நமக்கு வேண்டியதோ உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை அளவாவது நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி. நான் சொல்லுவதையும் நீங்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படித்தவர்களைக் கேளுங்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் முப்பது வருஷத்துக்கு முன்பு எப்படியிருந்தது? ஏரித் தண்ணீரும் நெல்லும் வேர்க்கடலையும்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம்-வடகால் என்று ஊர் ஊராய் ஆலை வந்துவிட்டது. இன்று காரும் லாரியும் டயரும் மோட்டார் சைக்கிளும் டெலிபோனும் இங்கே உற்பத்தியாகின்றன. ஐ.டி.ஐ. படித்த இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு சொல்லுகிறான். யந்திரம் நின்றால் எதனால் நின்றது என்று காரணம் கண்டுபிடிக்கிறான். ஆனால் அதே பையனுக்கு, "ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன், சாயங்காலம் வந்து ஐயாவைப் பார்த்துவிட்டுப் போ" என்று ஒரு போன் வந்துவிட்டால் என்ன ஆகிறது? வாய் உலர்ந்துபோகிறது. எந்தக் கேஸ், நான் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவனா, எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்க அவனுக்குத் தோன்றுவதில்லை. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுகிறாள். அப்பா கட்சிக்காரர் ஒருவரைத் தேடி ஓடுகிறார். மாமன் ஒரு தரகனைப் பிடிக்கிறார். சட்டத்தை மாத்திரம் ஒருவரும் தேடுவதில்லை!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? குழந்தை சோறு சாப்பிடாவிட்டால் "பூச்சாண்டி வருகிறான்" என்போம். அடுத்தபடியாக "போலீசுக்காரன் பிடித்துக்கொண்டு போவான்" என்போம். பூச்சாண்டி இல்லையென்று பத்து வயதில் தெரிந்துவிடுகிறது. போலீசுக்காரன் நிஜமாகவே இருப்பதால் அந்தப் பயம் மாத்திரம் சாகும்வரை போவதில்லை. யந்திரத்துக்கு நாம் ஏன் பயப்படுவதில்லை? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பதால். சட்டமும் மனிதன் செய்த ஒரு யந்திரந்தான். அதிலும் எந்தப் பல் எந்தப் பல்லைத் திருப்புகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இங்கேயே நடந்தது

தூரத்துக் கதை வேண்டாம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சேதி தெரியாமல் மனம் கொதித்த பெண்கள் சென்னை-பெங்களூர் ரஸ்தாவில் உட்கார்ந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட பெண்களைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரைவிட்டு வந்து முதன் முதல் சம்பளம் வாங்கிய சின்னப் பெண்கள் அவர்கள். தன்னை என்ன சட்டப்படி பிடித்தார்கள், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

2024 செப்டம்பர் 9-ந் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று வேலைநிறுத்தம் ஆரம்பித்தார்கள். அது 37 நாள் நடந்தது. செப்டம்பர் 16-ல் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போகப் புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வழியிலேயே பிடிக்கப்பட்டார்கள். அக்டோபரில் பந்தல் அகற்றப்பட்டது, சிலர் கைதானார்கள். அப்போது சங்கத்தார் என்ன செய்தார்கள்? கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. ஐக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். "எங்கள் ஆட்கள் எங்கே? கொண்டுவந்து காட்டு" என்று கேட்பதுதான் அந்த மனு. கைதானவர்களை மாஜிஸ்திரேட்டு அவர்களுடைய சொந்த ஜாமீனிலேயே விட்டுவிட்டார் என்று சர்க்கார் தரப்பில் ஐக்கோர்ட்டில் பதில் சொல்லப்பட்டது. அதாவது போலீசார் பிடித்தவுடன் எல்லாம் முடிந்துபோய்விடவில்லை. போலீசுக்கு மேலே மாஜிஸ்திரேட்டு என்று ஒருவர் இருக்கிறார், அவர் "இவரைச் சிறைக்கு அனுப்பத் தேவையில்லை" என்று சொல்லலாம் என்பது நம் கண்ணெதிரிலேயே ருசுவாயிற்று. ஆனால் சங்கத்தில் சேர்ந்தவனுக்குக் கேட்க ஆள் இருந்தது. சங்கமில்லாத காண்ட்ராக்டு ஆளுக்கும், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் தோழனுக்கும் யார் கேட்பார்கள்? அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

வாயில் நுழையாத பெயர்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் போய்ப் புதிய சட்டங்கள் வந்திருக்கின்றன. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது! யாரைத் தண்டிப்பதற்காகச் சட்டம் செய்கிறார்களோ அவன் வாயில் அதன் பெயர்கூட நுழையாதபடி செய்தால், புரியாத மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போகட்டும், பெயரை நீங்கள் மறந்துவிட்டாலும் நஷ்டமில்லை. முதலாவது எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லுகிறது. இரண்டாவது போலீசும் கோர்ட்டும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லுகிறது. மூன்றாவது எதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுகிறது. நமக்கு மிகவும் வேண்டியது இரண்டாவதுதான். ஏனென்றால் அது நமக்குக் கட்டளையிடுவதைவிடப் போலீசாருக்குக் கட்டளையிடுவதுதான் அதிகம். இது அநேகருக்குத் தெரியாது. போலீசாரும் இதைத் தமுக்கடித்துச் சொல்லமாட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுவோம். ஒரு ஆலையில் செம்புக் கம்பி கொஞ்சம் காணோம். முனுசாமி என்ற காண்ட்ராக்டு வாலிபன்மேல் சந்தேகம் என்று புகார் போகிறது. வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடினால் நியாய சன்ஹிதா 306-வது பிரிவுப்படி ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆகவே விளையாட்டுக் காரியமல்ல. இப்போது முனுசாமிக்கு போன் வருகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, காகிதம் கேட்க வேண்டும். கைது செய்யத் தேவையில்லாதபோது, இன்ன தேதி இன்ன இடத்துக்கு வா என்று போலீசார் எழுத்தில் நோட்டீசு கொடுக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் 35-வது பிரிவு சொல்லுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நோட்டீசு ஆகாது என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நோட்டீசு முறையாக வந்தால் கட்டாயம் போக வேண்டும். போகாமல் ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போகும்போது தனியாகப் போகக்கூடாது; இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானாலும் எழுத்தில்தான் கூப்பிட வேண்டும். அப்படிச் சாட்சி விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும், ஊனமுற்றவர்களையும், கடும் நோயாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவே கூடாது. போலீசார்தான் வீட்டுக்கு வர வேண்டும். தாய்மார்கள் இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கேஸ் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். புகாரை எழுதிக்கொண்டு நெம்பர் போடுவதற்குத்தான் முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர்., என்று பெயர். நெம்பர் இல்லாத விசாரணை கணக்கில் வராத விசாரணை. கணக்கில் வராத இடத்தில்தான் கை நீளும். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா திருப்புவனம் பக்கத்தில் நகை காணோம் என்ற புகாரின்பேரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் பிணமாகத்தான் திரும்பினார். இந்த வட்டாரத்தில் ஆலைக்கு ஆலை காவலாளிகள் நிற்கிறார்கள். ஒரு பொருள் காணாமற்போனால் முதல் சந்தேகம் யார்மேல் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எப்.ஐ.ஆர். போட்டால், பெண்களுக்கு நேர்ந்த அக்கிரமம் போன்ற சில கேஸ்கள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அதைப் போலீசு இணையதளத்தில் போட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது. கையிலுள்ள டெலிபோனில் சினிமா பார்க்கிறோம், இதையும் பார்க்கலாம்.

மூன்றாவது, கைது என்றால் காரணம் கேட்க வேண்டும். ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள குற்றத்துக்கு, புகார் வந்த மாத்திரத்தில் இயந்திரம்போல் கைது செய்யக்கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீசார் காரணம் எழுத வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ்குமார் கேஸில் தீர்ப்பாகியிருக்கிறது. முனுசாமியின் கேஸ் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. கைது செய்கிறவர் பெயர் சட்டையில் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் வீட்டார் ஒருவராவது, ஊரில் மதிப்புள்ள ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவன் சொல்லும் ஆளுக்குச் சேதி சொல்ல வேண்டும். பெண்ணானால், சூரியன் மறைந்த பிறகு விடியும் முன்பு கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத சமயத்தில்கூட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். இவற்றில் பல 1996-ல் டி.கே. பாசு கேஸில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும், பின்னால் சட்டத்திலேயே ஏறியதும் ஆகும். கடைசியாக 2025 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது: எந்தக் குற்றமானாலும் கைதுக்குக் காரணத்தை எழுத்தில், கைதானவனுக்குப் புரியும் பாஷையில் கொடுக்க வேண்டும் என்பது. பீகார்த் தோழனுக்கு இந்தியில், ஒரிசாத் தோழனுக்கு ஒரியாவில், நமக்குத் தமிழில்!

நான்காவது, கையெழுத்து. "விசாரணை முடிந்தது, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது தன் கழுத்துக்குத் தானே சுருக்குக் கயிறு திரிப்பதாகும். விசாரணையில் சொல்லுவதைப் போலீசார் எழுதிக்கொண்டால் அதில் சொன்னவனிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்லுகிறது. போலீசாரிடம் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டதாகச் சொன்னாலும் அது கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் செய்த 1872-ஆம் வருஷச் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது! ஒரே ஒரு விலக்கு: அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மாத்திரம் அது சாட்சியமாகும். தனக்கு விரோதமாகத் தானே சாட்சி சொல்லும்படி எவனையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியல் சட்டம் 20-வது ஷரத்து. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கவும் உரிமை உண்டு; முழு நேரமும் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க உரிமையில்லை.

இருபத்துநான்கு மணி நேரம்

இவையெல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் ஒன்றை மறக்காதீர்கள். பிடித்தவனை, வழிப் பிரயாண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். 1898-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டத்திலேயே இது இருந்தது. 1950-ல் அரசியல் சட்டம் 22-வது ஷரத்தாக வந்தது. ஸ்டேஷனில் வைத்தாலும் சரி, கலியாண மண்டபத்தில் வைத்தாலும் சரி, நினைத்தபோது எழுந்து போகமுடியாதென்றால் அது காவல்தான். "நாங்கள் கைது செய்யவில்லை, சும்மா உட்கார வைத்திருக்கிறோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குற்றம் நடக்காமல் தடுப்பதற்காகப் பிடித்தாலும் இந்த 24 மணி வரம்பு உண்டு. ஆகவே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை, எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் வந்தார்கள், எந்த வண்டி என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுவது. அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. மணியைக் குறித்துக்கொள்ள அப்போதுதான் நேரம்.

மாஜிஸ்திரேட்டு முன் நிற்பதை நம் ஜனங்கள் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். கைகட்டிக் கும்பிட்டு, "அடித்தார்களா?" என்று கேட்டால் பக்கத்திலிருக்கும் போலீசாரைப் பார்த்துக்கொண்டு "இல்லை சாமி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு "இல்லை" எத்தனை உயிரைக் குடித்திருக்கும்! 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குமேல் கடை திறந்து வைத்ததாகப் பிடிக்கப்பட்ட தகப்பனும் மகனும் ரிமாண்டு ஆகிக் கோவில்பட்டி சிறைக்குப் போனார்கள். சில நாளைக்குள் இருவரும் செத்தார்கள். மாஜிஸ்திரேட்டு என்பவர் போலீசாரின் காகிதத்தில் முத்திரை குத்துவதற்காக இல்லை, "இவனை ஏன் சிறையில் வைக்க வேண்டும்?" என்று போலீசாரைக் கேட்பதற்காக இருக்கிறார். அவர் கேட்காவிட்டால் நாம் பேச வேண்டும். அடி பட்டிருந்தால் காட்ட வேண்டும். கைதானவனை டாக்டர் பரிசோதிக்க வேண்டும், அந்த ரிப்போர்ட்டின் நகல் அவனுக்கோ அவன் சொல்லுகிறவருக்கோ கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த நகலைக் கேட்க வேண்டும். "எனக்கு வக்கீல் இல்லை, சர்க்கார் செலவில் வேண்டும்" என்று சொல்ல வேண்டும்.

இங்கே நான் ஒரு சங்கதியை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு, இலவச வக்கீல் யாருக்கு என்று ஒரு ஜாபிதா போட்டிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், காவலில் இருப்பவர் ஆகியவர்களோடு ஆலைத் தொழிலாளியும் அந்த ஜாபிதாவில் இருக்கிறான். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இத்தனை ஆலையுள்ள இந்த வட்டாரத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? கைதூக்குங்கள் என்று கேட்டால் எனக்கே வெட்கமாகப் போகும். கோர்ட்டு உள்ள ஊர்களில் இதற்கென்று சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற நெம்பருக்கு போன் செய்தும் கேட்கலாம். இது பிச்சையல்ல. நம் வரிப்பணத்தில் நமக்கு வைத்த வக்கீல்.

ஜாமீன்

குற்றங்களில் இரண்டு வகை. ஒன்று ஜாமீன் உரிமையுள்ளது. அதில் ஜாமீன் கொடு என்று கெஞ்ச வேண்டியதில்லை, கேட்டால் விட வேண்டும். ஜாமீன்தார் கொடுக்க ஒரு வாரம் வரை வசதியில்லாதவனை ஏழையென்று கருதிச் சொந்த ஜாமீனிலேயே விட வேண்டும். மற்றொன்று கோர்ட்டு யோசித்துக் கொடுப்பது. முனுசாமி கேஸ் இரண்டாவது வகை. அதிலும் 60 நாளைக்குள், மரணம், ஆயுள், பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனைக் குற்றங்களானால் 90 நாளைக்குள், போலீசார் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்டு வாங்குவது உரிமையாகிவிடுகிறது. நாளை எண்ணிக்கொண்டு மனுப் போட வேண்டியது நம் வேலை. தாமதித்தால், குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போய்விடும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் அநேகர். வெளியூர்த் தொழிலாளிக்கு இங்கே நிலம் ஏது, ஜாமீன்தார் ஏது? மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற ஒரு கொத்தனார் இருந்தார். சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தும் கீழே மாஜிஸ்திரேட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். தம்பி முன்வந்தார், சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது என்றார். 1978-ல் கேஸ் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜட்ஜ் கிருஷ்ணய்யர் அது அநியாயமென்று சொல்லி 1,000 ரூபாய்ச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். ஒரு தேசத்தில் ஒரு ஜில்லாக்காரன் மற்றொரு ஜில்லாவில் அந்நியனா? ஆகவே தொகை அதிகமென்றால், வெளியூர் ஜாமீன்தார் கூடாதென்றால், குறைக்கும்படியும் ஏற்கும்படியும் மனுப் போடலாம். தரகனிடம் வாடகை ஜாமீன்தார் பிடிக்க வேண்டியதில்லை. அது தனியாக ஒரு குற்றமாகவும் முடியும்.

கேஸ் நடக்கும்போது

இதற்குப் பிறகுள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குற்றப்பத்திரிகை வந்தால் அதன் நகலும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் இலவசமாகக் கிடைக்கும். குற்றச்சாட்டைப் படித்துச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு சர்க்கார் தரப்புச் சாட்சிகள், நம் வக்கீல் குறுக்கு விசாரணை, பிறகு "உனக்கு விரோதமாக இப்படிச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்லுகிறாய்?" என்று கோர்ட்டு நம்மையே கேட்கும், பிறகு நம் சாட்சி, வாதம், தீர்ப்பு, அப்பீல். கோர்ட்டில் பேசும் பாஷை புரியாவிட்டால் புரியும்படி சொல்லச் சொல்லி நாம் கேட்கலாம். குற்றத்தை ருசுப்படுத்த வேண்டியது சர்க்கார். நிரபராதி என்று ருசுப்படுத்த வேண்டியது நாமல்ல. வாய்தா தவறாமல் போக வேண்டும். தவறினால் வாரண்டு வரும்.

ஒரு பள்ளம் மாத்திரம் இருக்கிறது. "சின்னக் கேஸ்தானே, ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ, ஷிப்டுக்கு நேரமாகிறது" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கட்டிவிட்டால் அன்றைக்குச் சௌகரியந்தான். ஆனால் ஒப்புக்கொண்டது தண்டனையாகப் பதிவாகிறது. நாளைக்கு வேறு ஆலையில் போலீசு விசாரணைச் சான்றிதழ் கேட்கும்போது அந்த 500 ரூபாய் வேலைக்கே உலை வைத்துவிடும். செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், அது யோக்கியம். செய்யாததை ஷிப்டுக்காக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம்முடைய குற்றம்

போலீசாரை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் அது யோக்கியமான பேச்சாகாது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற புரளியை நம்பி, திருவண்ணாமலை ஜில்லாவில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாளை ஊர் ஜனங்களே அடித்துக் கொன்றார்கள். அங்கே எந்த எப்.ஐ.ஆர். இருந்தது? எந்த மாஜிஸ்திரேட்டு இருந்தார்? செல்போனில் வந்த ஒரு வரிதான் சாட்சி, தீர்ப்பு, தண்டனை எல்லாம்! இந்திக்காரப் பையன் ஒருவன் இருட்டில் நடந்துபோனால் "திருடன்" என்று கத்துகிறோமே, அப்போது நாம் யார்? நம் பையனை ஸ்டேஷனில் ஆதாரமில்லாமல் அடித்தால் அநியாயம்; அந்நிய ஊர்ப் பையனை நாம் தெருவில் கட்டி வைத்து அடித்தால் நியாயமா? குற்றம் சாட்டப்பட்டவன் வேறு, குற்றவாளி வேறு என்பதை முதலில் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். கண்டதைச் சாட்சி சொல்லப் பின்வாங்குவதும், வீட்டுப் பெண்ணை அடித்ததற்குப் புகார் கொடுக்கப் போனவளை "மானம் போகும்" என்று திருப்பி அழைத்து வருவதும் நம் குற்றந்தான். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லை வேறு என்று தள்ளக்கூடாது. நகல் இலவசம். எழுத மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

"இவ்வளவும் தெரிந்துகொண்டால் அடி விழாதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். விழலாம். சட்டத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கையில் லத்தி எடுப்பவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். அன்றியும் சட்டத்திலேயே ஓட்டைகள் உண்டு. 1982-ஆம் வருஷத்து நம் மாகாணக் குண்டர் சட்டப்படி ஒருவனை விசாரணையில்லாமலேயே ஒரு வருஷம் வரை வைக்கலாம். தடுப்புக் காவலுக்கு 24 மணிக் கணக்கும் கிடையாது. அங்கேகூட காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆட்சேபம் எழுத உரிமை உண்டு, ஐக்கோர்ட்டு உத்தரவை ரத்து செய்யலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கேள்வி கேட்கத் தெரிந்தவன்மேல் ஓங்கும் கை சற்று யோசிக்கும். பக்கத்தில் இரண்டு பேர் மணியைக் குறித்துக்கொண்டு நின்றால் இன்னும் யோசிக்கும். வாசலில் இருபது பேர் அமைதியாய் நின்று "நோட்டீசு எங்கே, எப்.ஐ.ஆர். நெம்பர் என்ன, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டால் அந்தக் கை கீழே இறங்கிவிடும். கலவரம் செய்யச் சொல்லவில்லை. கல்லெறியச் சொல்லவில்லை. கேட்கச் சொல்லுகிறேன்.

ஆகவே தோழர்களே! உங்கள் சங்கத்திலோ, தெருவிலோ, விடுதியிலோ இரண்டு பேர் இதற்கென்று பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீல் பெயரும் இலவசச் சட்ட உதவி நெம்பரும் எழுதி எல்லோர் பையிலும் வையுங்கள். பக்கத்துக் கொட்டகை வடநாட்டுத் தோழனுக்கும் அவன் பாஷையில் எழுதிக் கொடுங்கள். முனுசாமி திருடினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைக் கோர்ட்டு கண்டுபிடிக்கட்டும். அதுவரை அவன் மனிதன். அவனை மனிதனாய் நடத்தச் சொல்லிக் கேட்பதற்கு நாம் வக்கீலாக வேண்டியதில்லை. மானமுள்ளவனாக இருந்தால் போதும்.